இரண்டாவது சென்டர் ஸ்பீக்கர் போட்டபின் வசனம் கெட்டுவிட்டதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கோவையில் என் மைத்துனன் வீட்டு ஹால். சுவரில் 75 அங்குல டி.வி., அதன் கீழே ஷோகேஸின் மேல் சென்டர் ஸ்பீக்கர், அதாவது ஹோம் தியேட்டரில் வசனத்தை ஒலிக்கும் நடு ஸ்பீக்கர். முகம் மேலே தெரிய, குரல் மட்டும் முழங்கால் உயரத்திலிருந்து வருகிறது என்பது அவனுடைய நெடுநாள் குறை. அதே மாடலில் இன்னொன்றை வாங்கி டி.வி.க்கு மேலே சுவரில் அடித்தான். இரண்டின் ஒயர்களையும் ரிசீவரின் (எல்லா ஸ்பீக்கர்களையும் ஓட்டும் பெட்டி) சென்டர் டெர்மினலிலேயே சேர்த்து முறுக்கிவிட்டான். அன்றிரவே போன் வந்தது. "மாமா, ரெண்டு போட்டும் முன்னைவிட மோசமா இருக்கு. பேச்சு எல்லாம் குடத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்குது. ஒரு நடை வந்து பாருங்க."

குடம் என்று அவன் சொன்னதுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது. இதே புகாரை வேறு இரண்டு மூன்று வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். அதனால் எந்த அறிகுறிக்கு எதைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். ரிசீவரை அணைத்துவிட்டு, புதிதாகச் சேர்த்த ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றுங்கள். ஒற்றை ஸ்பீக்கரில் ஐந்து நிமிடம் கேளுங்கள். அப்புறம் மறுபடி மாட்டிக் கேளுங்கள். கழற்றியதும் குறை போய்விட்டால், இரண்டு ஸ்பீக்கர்களும் சேரும் விதத்தில்தான் கோளாறு. போகாவிட்டால் அது முன்பிருந்தே இருந்த கோளாறு. இரண்டாவது ஸ்பீக்கர் அதைத் தீர்க்கப் போவதில்லை.

கேட்பதற்குச் சினிமா வேண்டாம். பின்னணி இசை காதை ஏமாற்றும். வீட்டில் நன்கு பழகிய ஒருவரை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், ஒரு நாளிதழ்ப் பத்தியை வாசிக்கச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். மாடியில் எதிரொலி இல்லாததால் குரல் சுத்தமாக விழும். அந்தப் பதிவை சென்டரில் மட்டும் வரும்படி ஓடவிடுங்கள். அம்மாவின் குரலோ மனைவியின் குரலோ எப்படி இருக்கும் என்று உங்கள் காதுக்குத் தெரியும். எது குறைந்தாலும் உடனே பிடிபடும்.

"குடத்துக்குள்ளிருந்து வருகிறது, தலையை அசைத்தால் குரல் மாறுகிறது"

அடிக்கடி வரும் புகார் இதுதான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஒரே குரல் இரண்டு இடத்திலிருந்து கிளம்புகிறது. காதுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் கூடிக்கொள்ளும். ஒன்று சற்றுப் பிந்தினால் சில அலைவரிசைகளில் கூடும், சிலவற்றில் ஒன்றையொன்று அழிக்கும். வரைபடமாகப் பார்த்தால் சீப்பின் பற்கள் போல மேடும் பள்ளமுமாகத் தெரியும்.

அளப்பது எளிது. சோஃபாவில் வழக்கம்போல் உட்காருங்கள். இன்னொருவர் டேப்பின் நுனியை உங்கள் காதருகே பிடிக்க, ஒவ்வொரு ஸ்பீக்கரின் ட்வீட்டர் (மேல் அலைவரிசைகளை ஒலிக்கும் சிறிய வட்டம்) வரை அளந்து கொள்ளுங்கள். மைத்துனன் வீட்டில் கீழ் ஸ்பீக்கர் ஷோகேஸின் முன்பக்கமாக இருந்ததால் 2.65 மீட்டர். மேலே இருந்தது சுவரோடு ஒட்டியிருந்ததால் 3.10 மீட்டர். வித்தியாசம் 45 சென்டிமீட்டர். இப்போது 17,150 என்ற எண்ணை அந்த வித்தியாசத்தால் வகுத்தால் முதல் பள்ளம் எந்த ஹெர்ட்ஸில் விழுகிறது என்று கிடைக்கும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் ஓடுவதால் வரும் கணக்கு இது. இங்கே விடை ஏறத்தாழ 380 ஹெர்ட்ஸ். அடுத்த பள்ளங்கள் அதன் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கில், அதாவது 1,140, 1,900, 2,670 என்று வரிசையாக வரும்.

பேச்சின் உயிர் இருக்கும் இடம் இதுதான். தமிழில் ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவது பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் கொண்டு. அங்கே பள்ளம் விழுந்தால் சத்தம் இருக்கும், சொல் இருக்காது. "வாழை"யா "வாளை"யா என்று கதையின் போக்கை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். அப்படி ஊகித்துக்கொண்டே இருப்பதால்தான் அரை மணி நேரத்தில் தலை கனத்துவிடுகிறது.

தீர்வு, இரண்டு தூரத்தையும் சமமாக்குவது. 2 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தால் முதல் பள்ளம் 8,500 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும். பேச்சுக்குப் பெரிய பாதகம் இல்லை. கிட்டே இருப்பதைப் பின்னுக்குத் தள்ளலாம், அல்லது எட்ட இருப்பதை முன்னுக்கு இழுக்கலாம். ரிசீவர் மெனுவில் சென்டர் தூரத்தை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே டெர்மினலில் இருக்கும்வரை அதனால் பயனில்லை, இரண்டும் சேர்ந்தே நகரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூரத்தைச் சமமாக்குவது ஒரு காதுக்கு, ஒரு உயரத்துக்கு மட்டும்தான். மேலும் கீழும் 1.3 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஸ்பீக்கர், 3 மீட்டர் தள்ளி நீங்கள். சாய்ந்து உட்கார்ந்து காது 10 சென்டிமீட்டர் இறங்கினாலே 4 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். பள்ளம் 4,300 ஹெர்ட்ஸ் பக்கம் விழுந்து "ச"வும் "ஸ"வும் மழுங்கும். சாய்வு சோஃபா உள்ள வீட்டில் இந்தக் குறையை முழுதாகப் போக்க முடியாது.

"நடுவில் உட்கார்ந்தால் சரி, பக்கத்தில் உட்கார்ந்தால் வசனம் போய்விடுகிறது"

இரண்டு சென்டரையும் அக்கம்பக்கமாக வைத்த வீடுகளில் இதைக் கேட்கலாம். 1 மீட்டர் இடைவெளியில் வைத்து, 3 மீட்டர் தள்ளி, நடுவிலிருந்து ஒரு இருக்கை, அதாவது அரை மீட்டர் விலகினால் 16 சென்டிமீட்டர் வித்தியாசம். முதல் பள்ளம் சரியாக 1,000 ஹெர்ட்ஸ் அருகே. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குப் பேச்சு புரியாததில் வியப்பில்லை. இதற்குச் சரிக்கட்டும் வழி எதுவும் இல்லை, ஒன்றைக் கழற்றுங்கள். இரண்டு வேண்டியே தீருமென்றால் மேலும் கீழுமாக, ஒரே நேர்க்கோட்டில் வையுங்கள். அப்போது ஒரே வரிசையில் இருக்கும் எல்லாருக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்.

ஒற்றை ஸ்பீக்கரிலேயே இந்த அறிகுறி இருந்தால்? பெட்டியின் முகத்தைப் பாருங்கள். நடுவில் ட்வீட்டர், இருபுறமும் ஒவ்வொரு வூஃபர் (கனத்த ஒலிக்கான பெரிய கூம்பு) என்று படுக்கைவசத்தில் இருந்தால், அதற்குள்ளேயே அக்கம்பக்கமாக இரண்டு ஸ்பீக்கர் இருப்பதாகத்தான் அர்த்தம். வூஃபர்களுக்கு இடையே 30 சென்டிமீட்டர் இருந்து, நீங்கள் 30 பாகை பக்கவாட்டில் இருந்தால், 15 சென்டிமீட்டர் வித்தியாசம் வருகிறது. ஒரு சோதனை: அந்தப் பெட்டியைத் தற்காலிகமாக நெட்டுக்குத்தாக நிறுத்தி, ஓர இருக்கையில் உட்கார்ந்து கேளுங்கள். சட்டென்று தெளிந்தால், அடுத்து வாங்க வேண்டியது இரண்டாவது சென்டரை அல்ல. முன் ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போகும், நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரோ, ட்வீட்டருக்குக் கீழே நடு அலைவரிசைகளுக்கென்று தனி மிட்ரேஞ்ச் உள்ள சென்டரோ போதும்.

"தியேட்டரில் மட்டும் திரைக்குப் பின்னால் ஐந்து ஸ்பீக்கர் வைக்கிறார்களே?" என்று கேட்பார்கள். வைத்தார்கள், உண்மை. 1955இல் வந்த டாட்-ஏ.ஓ. முறையிலும், 1993இல் வந்த சோனியின் எஸ்.டி.டி.எஸ். முறையிலும் திரைக்குப் பின்னால் ஐந்து தடங்கள் உண்டு. ஆனால் அந்த ஐந்தும் தனித்தனித் தடங்கள். இட நடுவுக்கும் வல நடுவுக்கும் வேறு வேறு ஒலி போகும். நாம் வீட்டில் செய்வது ஒரே தடத்தை நகலெடுத்து இரண்டு இடத்தில் வைப்பது. தியேட்டரின் உண்மையான சௌகரியம் துளையிட்ட திரைதான். நடு ஸ்பீக்கர் நடிகரின் முகத்துக்கு நேர் பின்னாலேயே நிற்கிறது.

"குரல் மெலிந்துவிட்டது, எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை"

பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. ஆண் குரலின் கனம் முதலில் காணாமல் போகும்.

ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். சுவருக்குள் போன ஒயரில் எங்கே எது மாறியதென்று யாருக்கும் நினைவிருக்காது. ரிசீவர் பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர்களின் ஒயரையும் கழற்றுங்கள். சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, பிளஸ் முனையில் பிளஸ் ஒயரையும் மைனஸில் மைனஸையும் ஒரு கணம் தொடுங்கள். வலையைக் கழற்றி ஒருவர் வூஃபரைப் பார்க்கட்டும். 'டப்' என்ற சத்தத்தோடு கூம்பு வெளியே வந்தால் சரி. உள்ளே போனால் மாறியிருக்கிறது. இரண்டிலும் ஒரே பக்கம் நகர வேண்டும். இரண்டே நிமிட வேலை, மின்சார ஆபத்தும் இல்லை. மைத்துனன் வீட்டில் இது சரியாகவே இருந்தது.

இரண்டும் வேறு வேறு மாடலாக இருந்தால் பேட்டரிச் சோதனை மட்டும் போதாது. அவற்றின் உள் கிராஸ்ஓவர் (ஒலியை ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் பிரித்துக் கொடுக்கும் சுற்று) வேறுபடுவதால், சில அலைவரிசைகளில் ஒத்தும் சிலவற்றில் முரண்பட்டும் நிற்கும். மிச்சமிருந்த பழைய ஸ்பீக்கரை மேலே மாட்டியவர்களிடம் இதைக் கண்டிருக்கிறேன். அதை ஒயரில் சரிசெய்ய முடியாது.

"இரண்டு போட்டும் குரல் கீழேயே நிற்கிறது"

மைத்துனனின் முக்கிய ஏமாற்றம் இதுதான். 2.65 மீட்டரில் இருந்த கீழ் ஸ்பீக்கரின் ஒலி, மேலே இருப்பதைவிட 1.3 மில்லி நொடி முந்தி வந்துவிடுகிறது. முந்தி வருவது எங்கிருந்து வருகிறதோ, அங்கேதான் ஒலி பிறந்ததாக நம் மூளை முடிவு செய்யும். ஹெல்மட் ஹாஸ் 1949இல் தன் முனைவர் ஆய்வில் விரிவாக ஆராய்ந்த விஷயம் இது. அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். ஆக, மேலே மாட்டிய ஸ்பீக்கர் குரலை உயர்த்தவே இல்லை. குரலைக் கலங்கடிக்க மட்டும் செய்தது.

நாங்கள் செய்தது இதுதான். "மாப்ள, மேல இருக்கறதை முதல்ல கழட்டு" என்றேன். கீழ் ஸ்பீக்கர் ஷோகேஸ் பலகையின் விளிம்பிலிருந்து நான்கு விரற்கடை உள்ளே இருந்தது. ட்வீட்டரிலிருந்து கிளம்பும் ஒலி முதலில் அந்தப் பலகையில் பட்டுத் தெறிக்கிறது. பெட்டியின் முகம் விளிம்போடு ஒட்டும்படி முன்னுக்கு இழுத்தோம். முன்பக்க அடியில் ரப்பர் ஆப்பு இரண்டு கொடுத்து, முகம் உட்காருபவரின் காதைப் பார்க்கும்படி நிமிர்த்தினோம். சரியான சாய்வு தெரிய, ட்வீட்டருக்குக் கீழே போன் டார்ச்சை ஒட்டவைத்துப் பார்த்தோம். ஒளி சோஃபாவின் தலைச்சாய்வில் விழும்வரை ஆப்பை நகர்த்தினோம்.

பதிவை மறுபடி ஓட்டினோம். அவனுடைய அம்மாவின் குரல் அது. சமையலறையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்து, "நான் எப்போ உள்ள வந்து பேசினேன்?" என்றார்.

மேல் கீழ் வித்தியாசத்தைக் காது அவ்வளவு கூர்மையாக அறியாது. இட வலத்துக்கு இரண்டு காதும் உதவும். உயரத்துக்குப் பெரும்பாலும் காது மடலின் மடிப்புகளைத்தான் நம்ப வேண்டும். அதனால் குரல் தெளிவாக இருந்தால் கண் அதை உதட்டுக்கு இழுத்துக்கொள்ளும். தோற்பாவைக் கூத்தில் பேசுபவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க, பாவையே பேசுவதாகத்தானே நமக்குக் கேட்கிறது.

அதற்கு மேலும் உயர வேண்டுமென்றால், உங்கள் ரிசீவரிலேயே வழி இருக்கிறதா பாருங்கள். யமஹா ரிசீவர்கள் பலவற்றில் டயலாக் லிஃப்ட் என்று ஓர் அமைப்பு உண்டு. முன்பக்க மேல் ஸ்பீக்கர்கள் இருந்தால் வசனத்தில் கொஞ்சத்தை அவற்றுக்குப் பகிர்ந்து, குரலை மேலே தூக்கும்.

"சண்டைக் காட்சி வந்தால் ரிசீவர் அணைந்துவிடுகிறது"

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்பீக்கரின் பின்னால் 6 ஓம் என்று இருந்து, இரண்டை ஒரே டெர்மினலில் இணையாகக் கொடுத்தால் ரிசீவர் காண்பது 3 ஓம். 8 ஓம் இரண்டு என்றால் 4. ரிசீவரின் பின்பக்கத்தில் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று அச்சடித்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் மின்னோட்டம் அளவுக்கு மீறி, சூடேறி, காப்பு அமைப்பு அணைத்துவிடும். அது அணைவது நல்லது. அணையாமல் ஓடிக்கொண்டே இருப்பதுதான் கவலை.

மல்டிமீட்டர் இருந்தால், ரிசீவரிலிருந்து கழற்றிய ஒயர் முனையில் வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று சுமார் 6 காட்டும். இரண்டும் இணையாக இருந்தால் 3. மெனுவில் 4 ஓம் என்று மாற்றினால் போதும் என்று கடைகளில் சொல்வார்கள். அந்த மாற்றம் ரிசீவரின் சக்தியைக் கட்டுப்படுத்துமே தவிர, தாங்கும் திறனைக் கூட்டாது.

ஒரே மாடல் இரண்டு என்றால் தொடராக இணைக்கலாம். ரிசீவரின் பிளஸ் முதல் ஸ்பீக்கரின் பிளஸுக்கு, அதன் மைனஸ் இரண்டாவதின் பிளஸுக்கு, இரண்டாவதின் மைனஸ் ரிசீவரின் மைனஸுக்கு. 6 ஓம் இரண்டு 12 ஓம் ஆகும். ரிசீவர் குளிர்ந்து ஓடும். வேறு வேறு மாடலைத் தொடராக இணைக்காதீர்கள். ஒன்றின் ஏற்ற இறக்கம் மற்றதன் குரலைக் கெடுக்கும்.

"ஆட்டோ செட்டப் ஓட்டினால் சென்டர் லெவல் மிகவும் இறங்கிவிடுகிறது"

இணையாக இரண்டு இருந்தால் காதில் 6 டெசிபெல் வரை கூடும். அந்த அளவுக்கு லெவல் இறங்குவது இயல்பு. தொடராக இருந்தால் பெரிதாக மாறாது. ஆனால் ஆடிசி போன்ற, ரிசீவர் மைக் வைத்து அளந்து தானே செய்யும் திருத்தங்கள், மைக் வைத்த இடத்தில் காணும் பள்ளங்களை நிரப்பப் பார்க்கும். இரண்டு ஒலிகள் மோதி அழிந்த பள்ளம் எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாது. அதனால் டேப் அளவை முதலில், ஆட்டோ செட்டப் கடைசியில்.

"இரண்டாவது ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, அல்லது வேறு ஏதோ வருகிறது"

காலியாக இருந்த சரவுண்ட் பேக் (பின்பக்க ஸ்பீக்கருக்கான) டெர்மினலில் கொடுத்திருப்பீர்கள். அதில் வருவது வேறு தடம். சென்டருக்குப் பெரும்பாலான ரிசீவர்கள் தருவது ஒரே ஒரு தடம்தான்.

"இரண்டும் பேசுகின்றன, ஆனாலும் வசனம் மங்கல்தான்"

டி.வி. பெட்டி ஸ்டீரியோவாக அனுப்புவதை அப்படியே ஓட்டினால் சென்டருக்கு எதுவும் வராது. டால்பி சரவுண்ட் போன்ற ஒன்றை ரிசீவரில் போட்டால்தான் நடுக்குரல் பிரிந்து வரும். இரண்டும் பேசுவது அப்படிப் போட்டிருப்பதால் என்றால், சென்டர் ஸ்ப்ரெட் என்ற தேர்வு அணைந்திருக்கிறதா பாருங்கள். இயங்கினால் அது நடுக்குரலை இரு பக்கமும் கரைத்துவிடும். ஆண் குரல் மட்டும் உறுமினால், ரிசீவர் மெனுவில் சென்டரை ஸ்மால் என்று வைத்து கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸுக்கு (அதற்குக் கீழுள்ள ஒலி சென்டருக்குப் போகாது) மாற்றிப் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் அறைதான். நம் வீடுகளில் சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல். ஒரு முறை கைதட்டுங்கள். 'ணங்' என்று வால் நீண்டால் எத்தனை ஸ்பீக்கர் போட்டாலும் அந்த வால் கூடவே வரும். கனமான திரைச்சீலையும் சோஃபாவுக்கு முன்னால் தடித்த விரிப்பும் போடுங்கள். மைத்துனன் வீட்டில் பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தோம். மேல் அலைவரிசைகளை மட்டும்தான் அது உறிஞ்சும், ஆனாலும் "ச"கரக் கூச்சல் அடங்கியது.

இரண்டு வைத்தே ஆக வேண்டிய இடமும் உண்டு

புரொஜெக்டர், 120 அங்குலத் துளையில்லாத திரை. படம் மட்டுமே ஒன்றரை மீட்டர் உயரம். கீழே மட்டும் வைத்தால் குரல் நடிகரின் காலடியில்தான் இருக்கும். மேலே மட்டும் வைத்தால் கூரையில். நண்பர் ஒருவர் தனி அறையில் இப்படி அமைத்திருக்கிறார். நன்றாகவே இருக்கிறது. காரணம், அவர் ஒயரை முறுக்கவில்லை. ரிசீவரின் சென்டர் ப்ரீ-அவுட்டிலிருந்து (வெளி ஆம்ப்ளிஃபையருக்கான வெளியீடு) தாமதமும் லெவலும் மாற்றும் மினிடி.எஸ்.பி. என்ற சிறு கருவிக்கு எடுத்து, அங்கே இரண்டாகப் பிரித்து, இரு சேனல் ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித் தாமதம், தனி லெவல். கிட்டே இருப்பதற்கு ஒவ்வொரு 34 சென்டிமீட்டருக்கும் 1 மில்லி நொடி தாமதம் கொடுத்தால் இரண்டும் ஒன்றாக வந்து சேரும். ஒரே மாடல், ஒரே வரிசை இருக்கைகள், எல்லாரும் நிமிர்ந்து உட்காரும் நாற்காலி. துளையிட்ட திரைக்கு மாறப் பணம் இருந்தால் நான் அதையே சொல்வேன். அதன்பின் ஒற்றை ஸ்பீக்கர் போதும்.

"நேற்றுவரை சரியாக இருந்தது, இன்று மாறிவிட்டது"

மின்தடைக்கோ மென்பொருள் புதுப்பிப்புக்கோ பிறகு ரிசீவர் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். தூரம், லெவல், கிராஸ்ஓவர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி ஷோகேஸ் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். மைத்துனன் வீட்டில் அந்தச் சீட்டில் நான்காவதாக ஒரு வரியும் இருக்கிறது: ஆப்பு, பின்விளிம்பிலிருந்து 19 செ.மீ. துடைப்பதற்காக ஷோகேஸை நகர்த்தும்போதெல்லாம் அத்தை அதைப் பார்த்துத்தான் திரும்ப வைக்கிறார்.